ஒரு பெட்டி, மூன்று வாய்

நம் பகுதியைச் சேர்ந்த குடும்பத் தலைவி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியுள்ளார். அவருடைய மகள் கல்லூரியில் பயில்கிறாள். அவளுக்கு ஒரு மடிக்கணினி உண்டு. வீட்டில் கைப்பேசிகள் மூன்று. மடிக்கணினிக்குரிய சார்ஜர் பழுதாகிவிட்டது. கடைக்காரரோ, உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டியொன்றைக் காட்டி, "இது ஒன்றே போதும், மடிக்கணினிக்கும் ஆகும், கைப்பேசிகளுக்கும் ஆகும்" என்கிறாராம். வாங்கலாமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது என்பதே அவருடைய கேள்வி. மஞ்சள் வேக வைக்கும் களத்தில் பல நாள் உழைத்துச் சேர்த்த பணம் அது. மகளுக்கோ தேர்வு நெருங்குகிறது. ஆதலின் இதனைச் சிறு பொருள் பற்றிய சிறு கேள்வி என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. இதே ஐயம் இன்று பல இல்லங்களில் இருப்பதால், விடையை எல்லோருக்குமாக இங்கு எழுதுகிறோம்.

முதலில், ஒரே பெட்டி பல கருவிகளுக்கு உதவும் நிலை எவ்வாறு வந்தது என்பதை அறிவோம். கைப்பேசி புழக்கத்திற்கு வந்த காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வகை முனையை வைத்திருந்தது. ஒருவர் வீட்டுச் சார்ஜர் மற்றவர் வீட்டுக் கைப்பேசிக்குப் பொருந்தாது. பின்னர் 2014ஆம் ஆண்டு 'யு.எஸ்.பி. டைப் சி' என்னும் நீள்வட்ட முனையின் இலக்கணம் வெளியாயிற்று. மேல் கீழ் என்ற வேறுபாடின்றி எப்படிச் செருகினாலும் அது பொருந்தும்; கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் ஒன்றே போதும். 2022 நவம்பரில் நம் மத்திய அரசின் நுகர்வோர் நலத்துறை கூட்டிய கூட்டத்தில், இம்முனையையே பொதுமுனையாக ஏற்பதற்குத் தொழில் துறையினர் இசைந்தனர். அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இதனைச் சட்டமாகவே இயற்றியது. கைப்பேசிகளுக்கு 2024 டிசம்பர் 28 என்றும், மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 என்றும் நாள் குறித்தது. தனக்கென வேறு முனை வைத்திருந்த ஆப்பிள் நிறுவனமும் 2023இல் வெளியிட்ட ஐபோன் 15 முதல் இம்முனைக்கு மாறிற்று. இதற்கிடையே, 2020இல் ஐபோன் 12 வெளிவந்தது தொடங்கி, புதிய கைப்பேசியுடன் சார்ஜரைத் தராமல் விடும் வழக்கமும் பரவிற்று. ஆகவே சார்ஜரைத் தனியே தேர்ந்து வாங்கும் பொறுப்பு இப்பொழுது குடும்பத்தின் தலையில் விழுந்துள்ளது.

ஆனால் முனை ஒன்றாகிவிட்டதனால் எல்லாப் பெட்டியும் ஒன்றாகிவிடவில்லை. இதனை மறந்து வாங்குகிறவர்களே பணத்தை இழக்கின்றனர்.

மின்சாரத்தின் அளவைக் கிணற்று நீரைக் கொண்டு விளக்கலாம். வோல்ட் என்பது குழாயில் நீரைத் தள்ளும் அழுத்தம் போன்றது. ஆம்பியர் என்பது பாய்கின்ற நீரின் அளவு போன்றது. இவ்விரண்டையும் பெருக்கினால் கிடைப்பது வாட். சுவரிலிருந்து 230 வோல்ட் வருகிறது. அதனைக் கருவி தாங்கும் அளவுக்குக் குறைத்து, ஒரே திசையில் செல்லும் மின்னோட்டமாக மாற்றித் தருவதே சார்ஜரின் வேலை. கைப்பேசிக்கு 5 அல்லது 9 வோல்ட் போதும். மடிக்கணினிகளில் மிகப் பல 20 வோல்ட் கேட்கின்றன.

அப்படியானால், 20 வோல்ட் தரும் பெட்டியில் கைப்பேசியைச் செருகினால் அது கருகிவிடாதா என்று தாய்மார் அஞ்சுவது இயல்பே. தரமான பெட்டியில் அவ்வச்சம் வேண்டுவதில்லை. கேபிளைச் செருகியதும் பெட்டி முதலில் 5 வோல்ட்டை மட்டுமே தரும். பின்னர் கேபிளுக்குள் செல்லும் தனிக் கம்பி வழியாக, "என்னிடம் 5, 9, 15, 20 வோல்ட் உள்ளன, உனக்கு எது வேண்டும்?" என்னும் பொருள்படப் பெட்டி குறிப்பு அனுப்பும். கருவி தனக்கு ஏற்றதைக் கேட்கும். பெட்டி இசைந்த பிறகே அழுத்தம் உயரும். இவ்வுடன்படிக்கைக்குப் 'பவர் டெலிவரி' என்று பெயர். பெட்டியின் மீது 'பி.டி.' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளால் குறித்திருப்பார்கள். கேட்காத கருவிக்கு மிகுதியாகத் திணிக்கும் வழக்கம் இதில் இல்லை. ஆகவே பெரிய பெட்டியால் சிறிய கைப்பேசிக்குத் தீங்கில்லை. சிறிய பெட்டியால் பெரிய மடிக்கணினிக்குத்தான் பயனில்லை.

இனி, எல்லாவற்றிலும் முதன்மையான செய்திக்கு வருவோம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் '65 வாட்' என்றோ '100 வாட்' என்றோ அச்சிட்டிருப்பார்கள். அது மொத்த அளவு. மூன்று வாய்களிலும் மூன்று கருவிகளைச் செருகினால் ஒவ்வொன்றுக்கும் 65 வாட் கிடைக்கும் என்று எண்ணுவது பெரும் பிழை. அண்ணன் தம்பி மூவருக்கும் பொதுக் கிணறு ஒன்று, மோட்டாரும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வயலுக்கு மட்டும் பாயும்போது முழு நீரும் அவருக்கே. மூன்று மடைகளையும் ஒரே வேளையில் திறந்தால் நீர் பங்காகும். பெட்டியிலும் அவ்வாறே.

எடுத்துக்காட்டாக, ஒரு 65 வாட் பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இவ்வாறு அச்சிட்டுள்ளதாகக் கொள்வோம்: முதல் வாயை மட்டும் பயன்படுத்தினால் 65 வாட், இரண்டு வாய்களானால் 45, 20, மூன்றும் ஆனால் முதல் வாய்க்கு 45, மற்ற இரண்டுக்கும் சேர்த்து 15. உங்கள் மகளின் மடிக்கணினிக்கு 45 வாட் போதுமென்றால், இப்பெட்டி உங்கள் குடும்பத்திற்குப் பொருத்தமானது. மடிக்கணினிக்கு 65 வாட் தேவையென்றால், தகப்பனார் தம் கைப்பேசியைச் செருகிய நொடியே மகளின் பங்கு 45 ஆகக் குறைந்துவிடும். அவ்வேளையில் சில மடிக்கணினிகள் மெதுவாக ஏற்றிக்கொள்ளும். சில எச்சரிக்கை காட்டும். சில ஏற்க மறுத்தே விடும். இத்தகைய குடும்பம் 100 வாட் பெட்டியை நாடுவதே நன்று. அதிலும், இரண்டாம் கருவி செருகப்பட்ட பின்னும் முதல் வாய்க்கு 65 வாட் நிற்கிறதா என்று பங்கீட்டைப் படித்தே வாங்க வேண்டும்.

வேறொரு தந்திரமும் உண்டு. நான்கு வாய்களுக்கும் உரிய சிறு சிறு அளவுகளைக் கூட்டி, பெட்டியின் முகப்பில் பெரிய எண்ணாகப் போட்டுவிடுவார்கள். உள்ளே எந்த ஒரு வாயும் 20 வாட்டுக்கு மேல் தராது. கைப்பேசி நான்கிற்கு அது போதும், மடிக்கணினிக்கு ஆகாது. நம் நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்தில் மூட்டைகளின் மொத்த எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு எவரேனும் விலை கூறுவாரா? விரலி எத்தனை, உருண்டை எத்தனை, பனங்காளி எத்தனை என்று தனித்தனியே பார்த்தன்றோ விலை வைக்கிறார்கள்! அந்த விழிப்பே சார்ஜர் கடையிலும் வேண்டும்.

ஆகவே கடைக்குப் புறப்படுமுன் வீட்டிலேயே ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பழுதான பழைய மடிக்கணினிச் சார்ஜரை எறிந்துவிட வேண்டாம். அதுவே உங்களுக்கு வழிகாட்டி. அதன் அடிப்புறத்தில் 'அவுட்புட்' என்னும் சொல்லை அடுத்து 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றிருந்தால், பெருக்கிப் பாருங்கள்: 65 வாட். 20 வோல்ட், 2.25 ஆம்பியர் என்றிருந்தால் 45 வாட். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றக் கருவிகளும் செருகப்பட்டிருக்கும்போது இவ்வளவு தர வல்ல பெட்டியா என்பதே கடைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி.

கைப்பேசிகளுக்காக மிகுதியாகக் கவலைப்பட வேண்டுவதில்லை. 5000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட கைப்பேசி மின்கலத்தில் அடங்கும் ஆற்றல் ஏறத்தாழ 19 வாட் மணியே. 10 வாட் கிடைத்தாலும் இரண்டரை மணி நேரத்திற்குள் ஏறக்குறைய நிரம்பிவிடும். இரவு முழுவதும் வீட்டிலிருக்கும் கைப்பேசிக்கு விரைவு எதற்கு? ஒப்போ போன்ற சில நிறுவனங்கள் தமக்கே உரிய விரைவு முறையை வைத்துள்ளன. அக்கைப்பேசிகள் பொதுப் பெட்டியில் சற்று மெதுவாகவே ஏறும். சாம்சங் கைப்பேசிகள் சிலவற்றிற்கு முழு விரைவு வேண்டுமானால் பெட்டியில் 'பி.பி.எஸ்.' என்னும் குறி இருத்தல் வேண்டும். இக்குறி இல்லையென்றாலும் ஏறும். நேரம் மட்டுமே கூடும்.

அடுத்தது கேபிள். நல்ல பெட்டியை வாங்கிவிட்டு, கேபிளில் சிக்கனம் பார்ப்பது, நல்ல மோட்டார் வாங்கி ஓட்டைக் குழாய் போடுவதற்கு ஒப்பாகும். இரு முனையும் டைப் சி உள்ள சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர் வரை தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் செல்ல வேண்டுமாயின், 5 ஆம்பியர் தாங்குவதற்குரிய கேபிள் வேண்டும். அதன் முனைக்குள் ஒரு சிறு அடையாளச் சில்லு வைத்திருப்பார்கள். அச்சில்லு இல்லையெனில் பெட்டி 3 ஆம்பியருக்கு மேல் தர இசையாது. ஆகவே 65 வாட் வேண்டுவோர், 100 வாட் அல்லது 240 வாட் என்று குறித்த கேபிளையே வாங்குதல் வேண்டும். ஒரு முனை அகன்ற பழைய வகையாக உள்ள கேபிளால் மடிக்கணினிக்கு மின்னேற்ற முயல வேண்டாம், அது கைப்பேசிக்குரியது.

இவ்வளவு ஆற்றல் எப்படி இத்துணைச் சிறிய பெட்டியில் அடங்குகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். சார்ஜருக்குள் மின்சாரம் ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை நிறுத்தி நிறுத்தி விடப்படுகிறது. எவ்வளவு விரைவாக அவ்வாறு செய்கிறோமோ, உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மர் அவ்வளவு சிறியதாகலாம். சிலிக்கானால் செய்த சில்லுகள் மிக விரைந்து இயங்கும்போது வெப்பமாக வீணாவது மிகும். காலியம் நைட்ரைடு என்னும் பொருளால் செய்தவை அதனினும் விரைந்து, குறைந்த வீணுடன் இயங்குகின்றன. பெட்டியில் 'கேன்' என்று போட்டிருப்பது இப்பொருளின் சுருக்கப் பெயரே. இன்று நம் இல்லங்களில் எரியும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகளுக்கு அடிப்படையான நீல ஒளிச் சில்லும் இதே பொருளிலிருந்து பிறந்ததுதான். அதனைக் கண்டறிந்த அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

எனினும் சிறிய பெட்டியில் வெப்பம் வெளியேறும் பரப்பும் சிறிதே. 65 வாட் செல்லும்போது பத்தில் ஒரு பங்கு வீணாகிறதென்று கொண்டாலும், ஆறு ஏழு வாட் வெப்பம் அந்தச் சிறு கூட்டுக்குள் எழும். கை பொறுக்கும் சூடு இயல்பு. கை வைக்க இயலாத சூடும், கருகும் வாடையும் இயல்பல்ல. உடனே சுவிட்சை அணைத்துவிட வேண்டும். நம் சமவெளியின் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள்ளும் தகர வீட்டுக்குள்ளும் அனல் அடிக்கும். அந்நாளில் பெட்டியைத் தலையணைக்கு அடியிலும், மெத்தை மேலும், துணிக் குவியலுக்கு இடையிலும் வைப்பது விபத்தை அழைப்பதாகும். காற்றோட்டமான இடத்தில், வெறுந்தரையிலோ சுவரிலோ இருக்கட்டும்.

தரத்தை எவ்வாறு அறிவது? நம் நாட்டில் மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012இல் பிறப்பிக்கப்பட்டது. சார்ஜர் வகைகள் அதில் அடங்கும். அதன்படி, பெட்டியின் மீது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், 'ஆர்' என்னும் எழுத்தை அடுத்து எட்டு இலக்க எண்ணும் இருத்தல் வேண்டும். முத்திரையை எவரும் போலியாக அச்சிடலாம் அன்றோ? ஆகையால் அவ்வமைவனம் நடத்தும் 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் கைப்பேசிச் செயலியில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். அது எந்த நிறுவனத்திற்கு, எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது என்று தெரியும். பெட்டியில் உள்ள பெயரும் செயலி காட்டும் பெயரும் ஒவ்வாவிடில் வாங்க வேண்டாம். சந்தையிலும் பேருந்து நிலைய வாயிலிலும் விரித்து வைத்து விற்கும் பெயரற்ற பெட்டிகளில் இவ்வெண்ணைத் தேடுவது வீண். அங்கு மிச்சப்படும் சில நூறு ரூபாய்க்காகப் பல்லாயிரம் பெறுமான மடிக்கணினியை ஈடு வைக்கலாமா? கடையில் ரசீதும் உத்தரவாத அட்டையும் கேட்டு வாங்குங்கள்.

செருகும் கம்பிகளையும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்போடு கொணரும் பெட்டிகளில் தட்டையான கம்பிகள் இருக்கும். அவை நம் வீட்டுப் பிளக் பாயிண்டில் இறுக நில்லா. தளர்ந்து தொங்கும் பிளக்கில் தீப்பொறி எழும். நம் நாட்டு உருண்டைக் கம்பிகள் உடையதே நமக்கு ஏற்றது. அப்படியும் தளர்வாக இருப்பின் குறை பெட்டியிடம் இல்லை. பிளக் பாயிண்டை மாற்றிவிடுங்கள்.

இப்பெட்டி யாருக்கு வேண்டாம் என்பதையும் கூறிவிடுவோம். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் பள்ளி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. அத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் டைப் சி என்பதே பிறந்திருக்கவில்லை. அக்கணினிகள் பல இல்லங்களில் இன்றும் தம்பி தங்கையர்க்கு உழைக்கின்றன. உருண்டை முனை உள்ள அவற்றுக்கு அவற்றிற்கே உரிய சார்ஜர்தான் வேண்டும்; இடையில் மாற்று முனைகளைச் செருகிப் பார்ப்பது தகாது. டைப் சி துளை இருந்தும், தகவலை மட்டும் ஏற்று மின்சாரத்தை ஏற்காத மடிக்கணினிகளும் உண்டு. கையேட்டைப் பாருங்கள், அல்லது, வாங்குமுன் மடிக்கணினியைக் கடைக்கே எடுத்துச் சென்று செருகிப் பாருங்கள். கைப்பேசிகள் மட்டுமே உள்ள குடும்பத்திற்கோ 65 வாட் பெட்டி வீண் செலவு. இரு வாய் உள்ள 30 வாட் பெட்டியே மிகையாகும்.

இறுதியாக, வாங்கிய பின் வீட்டில் பழகும் முறை. மூவர் பயன்படுத்தும் பெட்டியில் ஒருவர் புதிதாகச் செருகும்போதும் பிடுங்கும்போதும், பெட்டி ஒரு கணம் எல்லா வாய்களையும் நிறுத்திவிட்டு, மீண்டும் பங்கிட்டுத் தொடங்குவது பெரும்பாலான வகைகளில் உண்டு. நல்ல மின்கலம் உள்ள கருவி இதனை உணராது. மின்கலம் செத்துப்போன மடிக்கணினியோ அக்கணமே அணைந்துவிடும். எழுதிக்கொண்டிருந்த பாடமும் போய்விடும். ஆகவே மகள் தேர்வெழுதும் வேளையிலும், இணைய வகுப்பில் இருக்கும் வேளையிலும், முதல் வாய் அவளுக்கு மட்டுமே என்று வீட்டில் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளை மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கிறது; அதற்கு முந்திய இரவு மடிக்கணினிக்கே முதல் பங்கு. கைப்பேசிகள் பிறகு ஏறட்டும்.

செலவுக் கணக்கு அச்சம் தருவதன்று. 65 வாட் பெட்டி இரண்டு மணி நேரம் முழு அளவில் இயங்கினாலும் 130 வாட் மணிதான். அதாவது ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு. ஆகவே மின் கட்டணத்தை எண்ணி மகளின் படிப்பு நேரத்தைக் குறைக்க வேண்டுவதில்லை. குறைக்க வேண்டியது, பெட்டியைக் கைப்பற்றுவதில் வீட்டார்க்குள் எழும் போட்டியைத்தான். ஒரு கிணற்று நீரை மூன்று வயலுக்கும் முறை வைத்துப் பாய்ச்சத் தெரிந்தவர்கள் நாம். ஒரு பெட்டியின் மின்சாரத்தை ஒரு குடும்பத்திற்குள் முறை வைத்துக்கொள்வது நமக்கு அரிதாகுமா?

கேள்வி கேட்ட சகோதரிக்கு நம் விடை இதுவே: வாங்கலாம். பழைய சார்ஜரின் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முகப்பிலுள்ள மொத்த எண்ணை விடுத்துப் பக்கவாட்டிலுள்ள பங்கீட்டைப் படியுங்கள். அதற்கு ஏற்ற கேபிளைக் கூடவே வாங்குங்கள். பதிவு எண்ணைச் செயலியில் சரிபாருங்கள். மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். சிறிய எழுத்துகளைப் படிக்க அவளுடைய கண்கள் உதவும். நீங்கள் பணத்தை எண்ணிக் கொடுக்கும் கவனத்தை அவளும் அருகிலிருந்து காண்பாள்.